இங்கிலாந்தின் சாம்பல் வானத்தில் நல்ல படம் எடுப்பது எப்படி?

கேள்வி: கணவரின் வேலை காரணமாக இரண்டு வருடமாகக் கவென்ட்ரியில் இருக்கிறோம். திருச்சியில் இருந்தபோது நன்றாகவே படம் எடுப்பேன். இங்கே எதை எடுத்தாலும் சாம்பல் பூசின மாதிரி வருகிறது. வார இறுதியில் போகும் ஊர்களில் எடுப்பவையோ எல்லாரும் எடுத்த படங்கள் மாதிரியே இருக்கின்றன. தெருவில் மனிதர்களை எடுக்க ஆசை, ஆனால் சட்டச் சிக்கல் வருமோ என்று பயம். புதுக் கேமரா வாங்கினால் சரியாகுமா? இப்போது கையில் இருப்பது போனும் ஒரு பழைய கேனானும்தான். – ஒரு வாசகி

பதில்: கேமராவைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் படங்கள் மங்குவதற்குக் காரணம் அது இல்லை. திருச்சி வெயிலில் பழகிய முறையிலேயே இங்கேயும் எடுக்கிறீர்கள். வெளிச்சம் முற்றிலும் வேறு என்பதால் அந்த முறை இங்கே கைகொடுக்கவில்லை.

டிசம்பர் 21 நண்பகலில் திருச்சியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் இருக்கும். அதே நாள் கவென்ட்ரியில் 14 டிகிரிதான். நம் ஊரில் காலை பத்து மணிக்கு மேல் கேமராவைப் பையில் போட்டுவிட்டு நாலு மணிக்குத்தான் வெளியே எடுப்போம், உச்சி வெயில் முகத்தில் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும் என்பதால். இங்கே குளிர்காலத்தில் வெயில் அடித்தால் நாள் முழுக்கப் பக்கவாட்டு வெளிச்சம். செங்கல் சுவரின் ஒவ்வொரு வரியும் எழுந்து தெரியும், பஸ் ஸ்டாப்பில் நிற்பவரின் நிழல் சாலையின் மறுபக்கம் வரை நீளும். மதியம் பன்னிரண்டு மணி என்று தயங்காமல் வெளியே போங்கள். மாலை நாலு மணிக்குள் சூரியன் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஜூனில் இது தலைகீழ். நண்பகலில் சூரியன் 61 டிகிரி வரை ஏறிவிடுகிறது, அதனால் அப்போது நம் ஊர்ப் பழக்கமே சரி. ஆனால் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும், அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரம் வெளிச்சம் தங்கும். திருச்சியில் அஸ்தமனம் ஆனதும் மளமளவென்று இருட்டிவிடும் அல்லவா, இங்கே அந்த அவசரம் இல்லை. இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டே கிளம்பலாம்.

சரி, வெயிலே வராத நாட்கள்? உங்கள் கேள்வியின் மையமே அதுதான். மேகம் மூடிய வானம் மோசமான வெளிச்சம் என்று நினைப்பதை முதலில் விடுங்கள். முகங்களை எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்கள் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி உண்டாக்கும் மென்மையை இங்கே வானமே கொடுக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்த வெள்ளை வானத்தைப் படத்துக்குள் பாதி இடத்துக்குக் கொண்டுவரும்போது. கேமரா அதன் பிரகாசத்தைப் பார்த்துப் படம் முழுவதையும் இருட்டாக்கிவிடும். நம்முடைய மாநிற, கறுப்பு முகங்கள்தான் அதில் முதலில் அடிபடும். எனவே வானத்தை வெட்டுங்கள். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், சுவர், கடை முகப்பு, மரம், ஈரத் தரை என்று ஏதாவது ஒன்று பின்னணியாக இருக்கட்டும். வானம் வந்தே தீரும் என்றால் போனில் முகத்தைத் தொட்டு, வெளிச்ச அளவை மேலே நகர்த்துங்கள். கேனானில், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +0.7 அல்லது +1 வையுங்கள். வானம் வெறும் வெள்ளையாகிவிடும்தான். முகம் தெரிகிறதே, அது போதும். படம் நீலமாகத் தெரிந்தால் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைக் 'கிளவுடி'க்கு மாற்றுங்கள், சாம்பல் பூச்சில் பாதி அங்கேயே போய்விடும்.

மழை பெய்த பிறகு உங்கள் ஊரின் பழைய கதீட்ரலுக்குப் போய்ப் பாருங்கள். 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் கூரை போய், சுவர் மட்டும் நிற்கும் இடம். அந்தச் சிவப்பு மணற்கல் காய்ந்திருக்கும்போது வெளிறிக் கிடக்கும், நனைந்தால் நிறம் ஆழமாகிவிடும். வெயில் நாளில் பாதிச் சுவர் இருட்டிலும் பாதி கண்கூசும் வெளிச்சத்திலும் இருப்பதால் அங்கே எடுப்பது கஷ்டம். மேகமூட்டத்தில்தான் கல்லின் செதுக்கல் முழுதாகத் தெரியும். மழை பெய்கிறதே என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் அதுவும் நல்ல இடம். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் விளக்கின் பிரதிபலிப்பு விழாது. ஒன்று மட்டும் கவனம்: குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் வந்ததும் கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர்த்திவலை படியும். வெளியிலேயே ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து உங்கள் பயம். இங்கிலாந்தில் பொது இடத்தில் படம் எடுக்க அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை. தெருவில் போகிறவர்களை எடுப்பதும் சட்டப்படி குற்றம் இல்லை. ஒருவரைப் பயங்கரவாதி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டப்படி போலீஸ் நிறுத்திச் சோதிக்கலாம், படங்களைப் பார்க்கலாம். ஆனால் படத்தை அழிக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. லண்டன் மாநகரப் போலீஸே தன் வழிகாட்டுதலில் இதைச் சொல்லியிருக்கிறது. குழப்பம் பெரும்பாலும் தனியார் இடங்களில்தான் வரும். ஷாப்பிங் சென்டர், லண்டன் கேனரி வார்ஃப் போன்ற பகுதிகள் தெரு மாதிரியே இருந்தாலும் தனியார் சொத்து. காவலாளி நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு வெளியேற வேண்டும். அவரும் கேமராவைப் பிடுங்கவோ படத்தை அழிக்கவோ முடியாது. ரயில் நிலையத்தில் எடுக்கலாம், பிளாஷ் கூடாது, பிளாட்பாரத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது. நீதிமன்றத்துக்குள் கேமராவையே எடுக்காதீர்கள், அங்கே படம் எடுப்பது 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிட முடியுமா? பூங்காவில் விளையாடும் அடுத்தவர் குழந்தையைப் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கடை வாசலில் படுத்திருக்கும் வீடற்றவரையும் எடுக்க வேண்டாம், மறுக்கும் நிலையில் அவர் இல்லை. மற்றவர்களிடம் கேட்டுவிடுவதே என் கட்சி. கவென்ட்ரி மார்க்கெட் இருக்கிறதே, 1958இல் கட்டிய அந்த வட்டக் கட்டடம், அங்கே ஒரு காய்கறிக் கடையில் முதலில் எதையாவது வாங்குங்கள். அப்புறம் 'உங்களை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேளுங்கள். பலரும் சரி என்பார்கள். அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு பக்கத்துக் கடைக்காரரும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

எல்லாரும் எடுத்த மாதிரியே இருக்கிறது என்கிறீர்கள். பயணப் படங்களுக்கு அது நேர்வதற்குக் காரணம், எல்லாரும் பகல் பதினொரு மணிக்கு, எல்லாரும் நிற்கும் இடத்தில் நிற்பது. காட்ஸ்வோல்ட்ஸில் பிபரி கிராமத்து ஆர்லிங்டன் ரோ வீடுகளை எத்தனை ஆயிரம் பேர் அதே கோணத்தில் எடுத்திருப்பார்கள்! அந்த வீடுகளில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்கு முன் கூட்டம் கூடுவது அவர்களுக்குத் தொந்தரவு. வருடத்தின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பயணம் போவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை காட்டுத்தரை முழுக்க நீல மணிப்பூ (புளூபெல்), ஜூலையில் லாவெண்டர், ஆகஸ்டில் பீக் டிஸ்ட்ரிக்ட் மேடுகளில் ஹெதர் செடியின் ஊதாப் பூ, அக்டோபரில் இலை நிறம் மாறும் காடு, குளிர்காலச் சாயங்காலத்தில் பிரைட்டன் கடற்பாலத்துக்கு மேல் கூட்டமாகச் சுழலும் ஸ்டார்லிங் பறவைகள். நீலப் பூவுக்கு நீங்கள் தூரமே போக வேண்டாம், வாரிக் பல்கலைக்கழகத்தை ஒட்டிய டோசில் வுட் என்ற சிறு காடு போதும். பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட செடி தேற வருடக்கணக்காகும்.

இன்னும் ஒன்று, நான் மனதார நம்புவது: உங்கள் ஊரும் தெருவும்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய பொருள். புகைப்படக் கலைஞர் வான்லி பர்க் ஜமைக்காவில் பிறந்து 1965இல் பதினான்கு வயதில் பர்மிங்காமுக்கு வந்தவர். அந்த ஊரில் தான் வாழ்ந்த ஹான்ட்ஸ்வொர்த் பகுதியின் தேவாலயம், கல்யாணம், துக்க வீடு, தெருமுனை என்று பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டே இருந்தார். இன்று கரீபிய மக்களின் பிரிட்டன் வாழ்வை அறிய அவர் படங்களைத்தான் தேடிப் போகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேர ரயில் தூரத்தில் நடந்த விஷயம் இது. உங்களுக்கும் எடுக்க இருக்கின்றன: கவென்ட்ரி ஃபோல்ஸ்ஹில் ரோட்டுச் சேலைக் கடை, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் காயும் பள்ளிச் சீருடை, நாலு மணி இருட்டில் பிள்ளைகளோடு வீடு திரும்பும் அம்மாக்கள். ஊரில் இருக்கும் உங்கள் பெற்றோருக்கும் கோட்டையைவிட இவைதான் வேண்டியிருக்கும். ஒரே தெருமுனையை மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று ஒரு வருடம் எடுங்கள், வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பது உங்களுக்கே பிடிபடும்.

கேமராவுக்கு வருவோம். புதுக் கேமரா வேண்டாம். குளிர்கால மாலைகளுக்காக, அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் f/1.8 லென்ஸ் ஒன்றைப் பழைய சரக்கு விற்கும் நம்பகமான கடையில், உத்தரவாதத்தோடு வாங்குங்கள். கேனானுக்கு 50 எம்எம் லென்ஸ்தான் விலை குறைவு. ஆனால் கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சென்சார் சிறியது என்றால் வீட்டுக்குள் அது நெருக்கமாகத் தெரியும், 35 எம்எம்மோ அதற்குக் குறைந்ததோ வசதி. நடக்கிற மனிதர்களுக்கு ஷட்டர் வேகத்தை 1/250 நொடி வையுங்கள், வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைப் பார்க்க முடியும், ஆட்டம் கண்ட படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பழைய கேமராவின் கடிகாரம் தானாக மாறாது என்பதால் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் நீங்களே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் போன் படங்களையும் கேனான் படங்களையும் ஒரே ஃபோல்டரில் சேர்க்கும்போது வரிசை குழம்பிவிடும்.