ஏழாம் எண் யாருக்கு? கால்பந்து ஜெர்சி எண் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 2021-ல் ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பியபோது 7-ஆம் எண் சக வீரர் கவானியிடம் இருந்தது. சீசன் தொடங்கியும் விட்டது. அப்புறம் எப்படி அது கைமாறியது? நடுவில் எண்ணை மாற்ற விதி இடம் கொடுக்கிறதா?

பதில்: பொதுவாக இடம் கொடுக்காது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 1993-94 சீசனிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் ஒரு நிலையான எண். அதற்கு முன்பெல்லாம் அன்றைக்குக் களமிறங்கும் பதினொரு பேரும் 1 முதல் 11 வரை போட்டுக்கொள்வார்கள். அடுத்த ஆட்டத்தில் வேறு இடத்தில் ஆடினால் எண்ணும் வேறு. நிலையான எண் வந்த பிறகு, பதிவு செய்த எண்ணோடுதான் அந்த சீசன் முழுக்க ஆட வேண்டும்.

2021 ஆகஸ்ட் கடைசியில் நடந்ததில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 21-ஆம் எண்ணை அணிந்திருந்த டேனியல் ஜேம்ஸ் லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். கவானி உருகுவே அணிக்காக நெடுங்காலம் அணிந்தது அதே 21. லீகின் சிறப்பு அனுமதியோடு அவர் 21-க்கு மாற, 7 ரொனால்டோவிடம் வந்தது. ஜேம்ஸ் கிளம்பாமல் இருந்திருந்தால் இவ்வளவு சுமுகமாக முடிந்திருக்காது.

இதே ரொனால்டோ காத்திருக்கவும் செய்திருக்கிறார். 2009-ல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியபோது அது உலக சாதனைத் தொகை. ஆனாலும் 7 கிடைக்கவில்லை, ஏனென்றால் அது அணித்தலைவர் ராவுலின் எண். ஒரு சீசன் முழுக்க 9-ஐப் போட்டுக்கொண்டு ஆடினார். 2010-ல் ராவுல் ஜெர்மனியின் ஷால்கேவுக்குப் போன பிறகுதான் 7. அதற்கும் முன்னால், 2003-ல் முதன்முறை மான்செஸ்டருக்கு வந்த பையன் கேட்டது ஸ்போர்ட்டிங்கில் போட்டிருந்த 28-ஐத்தான். ‘இல்லை, நீ 7 போடு’ என்று கொடுத்தவர் பயிற்சியாளர் பெர்குசன். பெக்காம் விட்டுப்போன எண் அது. அந்தப் பெக்காமும் அதே ராவுலால்தான் மாட்ரிட்டில் 23-க்குப் போனார். ஆளாளுக்குத் தனித்தனியாக எண் மாறுவதில்லை. வரிசையில் முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு வழி. எந்த எண் மாற்றச் செய்தியைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது, யார் கிளம்பினார்கள் என்பதைத்தான்.

கேள்வி: பார்சிலோனாவின் லாமின் யமால் ஏன் இத்தனை முறை எண் மாற்றினார்? சலிப்பா, ராசியா?

பதில்: இரண்டும் இல்லை. ஸ்பெயினின் லா லீகாவில் முதல் அணியில் பதிவான வீரர்களுக்கு 1 முதல் 25 வரைதான் எண். இளையோர் அணிப் பதிவில் இருந்துகொண்டு முதல் அணிக்கு ஆட வருபவர்களுக்கு 25-க்கு மேல். யமால் 2023 ஏப்ரலில் 15 வயதில் களமிறங்கியபோது அணிந்தது 41. அடுத்த சீசனில் 27. பிறகு 19. 2025-ல் 18 வயது நிறைந்ததும் 10. அன்சு ஃபாட்டி மொனாக்கோவுக்குப் போனதால் காலியான 10 அது. அதாவது, அந்தப் பையன் கிளப்புக்குள் ஏறிய படிகளை அவர் முதுகிலேயே படிக்கலாம்.

மெஸ்ஸியும் பார்சிலோனாவில் இதே படிகளில்தான் ஏறினார்: 30, 19, பிறகு 2008-ல் ரொனால்டினோ கிளம்பியதும் 10. 2021-ல் பாரிஸுக்குப் போனபோது அங்கே 10 நெய்மாருடையது என்பதால் பழைய 30-க்கே திரும்பினார். பிரெஞ்சு லீகில் 30 கோல்கீப்பர்களுக்கான எண். அவருக்காக விலக்கு கொடுத்தார்கள்.

கேள்வி: சட்டையில் கூட்டல் குறி போட்டு ஆடிய வீரர் ஒருவர் உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். இன்டர் மிலானின் சிலி நாட்டு ஸ்ட்ரைக்கர் (கோல் அடிக்கும் முன்கள வீரர்) இவான் சமோரானோ. 1998-ல் ரொபெர்த்தோ பாஜியோ வந்து 10-ஐ எடுத்துக்கொண்டார். 10-இல் இருந்த பிரேசிலின் ரொனால்டோ 9-க்கு நகர்ந்தார். 9-இல் இருந்த சமோரானோவுக்கு இடமில்லை. அவர் 18-ஐ வாங்கி, ஒன்றுக்கும் எட்டுக்கும் நடுவே சின்னதாய் ஒரு கூட்டல் குறி ஒட்டிக்கொண்டார். கூட்டினால் 9, வழக்கமாக ஸ்ட்ரைக்கர் அணியும் எண். ஒரு ஸ்ட்ரைக்கருக்கு 9 என்றால் என்ன என்று புரியவைக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

கேள்வி: 10 என்றால் அணியின் மூளை என்கிறோம். பெலே அதை விரும்பிக் கேட்டு வாங்கினாரா?

பதில்: இல்லை. 1958 உலகக் கோப்பைக்கு பிரேசில் எண் பட்டியலே அனுப்பவில்லை. வேறு யாரோ போட்டுக்கொடுத்த எண்களில் 17 வயதுப் பெலேவுக்கு 10 விழுந்தது. கோல்கீப்பர் கில்மாருக்கு விழுந்தது 3!

கேள்வி: செல்சியின் 9-ஆம் எண் சபிக்கப்பட்டது என்பதை நம்புகிறீர்களா?

பதில்: நம்பவில்லை. டோரஸ், மொராட்டா, லுகாகு என்று பெரிய விலைக்கு வந்தவர்கள் அங்கே தடுமாறினார்கள் என்பது சரி. மொராட்டா 2018-ல் 9-ஐ விட்டு, தன் இரட்டைக் குழந்தைகள் பிறந்த தேதியான 29-க்கு மாறியும் பார்த்தார். அரை சீசனில் கிளப்பை விட்டே போனார். எண் மாறியது, ஆட்டம் மாறவில்லை. மறுபக்கம், அதே 9-இல் ஹாசல்பைங்க் 2000-01-ல் 23 கோல் அடித்து லீகின் கோல் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தவர். உள்ளேயே வளர்ந்த டாமி ஆபிரகாம் 2019-20-ல் அதே எண்ணில் 18 கோல் அடித்தார். பெரும் தொகைக்கு வந்தவருக்கே 9 போகிறது, எதிர்பார்ப்பும் அவர் தலையிலேயே விழுகிறது. பழியை மட்டும் சட்டையின் மேல் போடுகிறோம்.

கேள்வி: இத்தாலியில் 88-ஐ ஏன் தடை செய்தார்கள்?

பதில்: எட்டாவது ஆங்கில எழுத்து எச். இரண்டு எட்டுகள் சேர்ந்தால் ஹிட்லரை வாழ்த்தும் முழக்கத்தின் குறியீடு. யூத வெறுப்புக்கு எதிரான நடவடிக்கையாக 2023-ல் அந்த எண்ணை நிறுத்தினார்கள். தப்பான எண்ணம் ஏதுமின்றி அதை அணிந்திருந்த அடலாண்டாவின் பசாலிச் 8-க்கு மாறினார். அதற்கு வெகு முன்பே, 2000-ல், பார்மாவில் 88-ஐத் தேர்ந்தெடுத்த கோல்கீப்பர் பஃபோன் எதிர்ப்பு வந்ததும் 77-க்கு மாறியிருந்தார். தடை சரியானது என்பதே என் கருத்து.

கேள்வி: ஒரு எண்ணை நிரந்தரமாக ஓய்வுபெறச் செய்வது நியாயமா? அடுத்த தலைமுறைக்கு வேண்டாமா?

பதில்: இரண்டு வகையாகப் பார்க்கிறேன். மாபெரும் ஆட்டக்காரருக்காக என்றால், எண் தொடர்ந்து ஆடப்படுவதே அவருக்குப் பெருமை என்று நினைப்பவன் நான். நாப்போலி 2000-ல் மரடோனாவின் 10-ஐ நிறுத்தியது. அந்த ஊர் அவரை நேசித்த விதத்துக்கு அதுவும் புரிகிறது. 2002 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா அதையே செய்யப் பார்த்தபோது ஃபிஃபா ஒப்பவில்லை, 1 முதல் 23 வரை விடுபடாமல் கொடுக்கச் சொன்னது. ஓர்தேகா 10 அணிந்தார். அந்த எண் நிறுத்தப்பட்டிருந்தால் மெஸ்ஸிக்கு அர்ஜென்டினாவின் 10 கிடைத்திருக்காது.

ஆடும் வயதிலேயே இறந்தவர்கள் விஷயம் வேறு. 2003 ஜூனில் களத்திலேயே சரிந்து இறந்த கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோவுக்காக மான்செஸ்டர் சிட்டி 23-ஐ நிறுத்தியது. 2025 ஜூலையில் கார் விபத்தில் தியோகோ ஜோட்டா இறந்தபோது லிவர்பூல் 20-ஐ மகளிர் அணி, இளையோர் அணி உட்பட எல்லா நிலைகளிலும் நிறுத்தியது. அந்த எண்ணை இன்னொருவர் முதுகில் பார்க்க யாருக்கும் மனம் வராது.

கேள்வி: ஆசையாக வாங்கிய ஜெர்சியில் இப்போது பழைய எண். இனிமேல் எப்படி ஏமாறாமல் வாங்குவது?

பதில்: வீரர் மாற்றக் காலம் முடியும்வரை பெயர், எண் அச்சிடாமல் பொறுங்கள். இளையோர் அணியிலிருந்து மேலே வருபவர், பழைய எண் கைக்குக் கிடைக்காமல் புதிதாக வந்தவர், தனக்குப் பிடித்த எண்ணை வைத்திருக்கும் சக வீரர் கிளம்பட்டும் என்று காத்திருப்பவர் ஆகிய மூவரின் எண்தான் சீக்கிரம் மாறும். கையில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யமாலின் 41 வைத்திருப்பவர்கள் இன்று அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள்.