ஜெர்மனியில் தம்பிக்கு ரூம்: கோபியிலிருந்து கேட்ட அப்பாவுக்கு

உங்க பையனுக்கு ஜெர்மனியில அக்டோபர்ல வகுப்பு, ரூம் அமையலை, ஒருத்தர் அட்வான்ஸ் கேக்கறார், அனுப்பட்டுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாமுங்க. "நான் வெளிநாட்டுல இருக்கேன், பணம் போடுங்க, சாவியை கூரியர்ல அனுப்பறேன்"னு எவர் சொன்னாலும் அது ஏமாத்து வேலை. தெரிஞ்சவங்க யாராச்சும் வீட்டை நேர்ல பாத்து, ஒப்பந்தத்துல கையெழுத்தான பிறகு பணம் போகட்டும்.

வாடகை எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி, "இந்த முகவரியில பதிஞ்சுக்கலாமா?"ன்னு தம்பி கேக்கணும். குடிபோன 2 வாரத்துக்குள்ள நகர அலுவலகத்துல முகவரியைப் பதியணும்; அன்மெல்டுங்னு சொல்வாங்க. அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேணும். பதிவு இல்லீன்னா வரி எண் வராது, தங்கும் அனுமதி வேலையும் நகராது. சீட்டு தர மாட்டேங்கிற ரூம் எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க.

அடுத்தது பணம். விளம்பரத்துல ரெண்டு வாடகை இருக்கும். வெறும் ரூமுக்கு மட்டும் கால்ட் 320 யூரோ, ஹீட்டர், தண்ணி எல்லாம் சேத்து வார்ம் 430னு வச்சுக்குங்க. மாசாமாசம் கட்டறது 430. அட்வான்ஸ் அதிகபட்சம் 3 மாச கால்ட் வாடகை, அதாவது 960. வார்ம் கணக்குல 1,290 கேட்டா சட்டப்படி தப்பு. மூணு தவணையா கட்டவும் உரிமை உண்டு. நம்மூர்ல பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழகினவங்க, கேட்டதைக் கொடுத்துட்டு வந்துடறாங்க.

பலரும் மாட்டிக்கற இடம் இதுதான்: விசாவுக்காகச் செலவுப் பணத்தை முடக்கி வைக்கற பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போட்டாலும் மாசம் 992தான் கைக்கு வரும். முதல் மாசமே அட்வான்ஸ் 960-ம் வாடகை 430-ம் சேந்தா 1,390 ஆச்சுங்களே. தனியா 1,500 யூரோ ஃபாரெக்ஸ் கார்டுல போட்டு விடுங்க.

ஸ்டுடீரெண்டன்வெர்க்னு சொல்ற மாணவர் நல அமைப்போட ஹாஸ்டலுக்கு இன்னைக்கே விண்ணப்பம் போடச் சொல்லுங்க. மியூனிக் மாதிரி ஊர்ல காத்திருப்பு செமஸ்டர் கணக்குல இழுக்கும். கிடைக்கலைன்னா பக்கத்துச் சின்ன ஊர்ல பாருங்க. திருப்பூர்ல இருந்து கோவைக்கு டெய்லி போய் வர்ற கதைதான். டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026-ல மாசம் 63 யூரோ. பஸ், டிராம், மெட்ரோ, உள்ளூர் ரயில் எல்லாத்துக்கும் செல்லும், ஐசிஇ மாதிரி வேக ரயிலுக்குச் செல்லாது. பல பல்கலைக்கழகத்துல செமஸ்டர் கட்டணத்துலயே பயண டிக்கெட்டும் அடக்கம், அதைப் பாக்காம தனியா வாங்கிடாதீங்க. டிக்கெட் இல்லாம மாட்டினா 60 யூரோ அபராதம்.

ரூம் முடிவு பண்றதுக்கு முன்னாடி, அந்த ஊருக்கு ராத்திரி கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு தம்பியைப் பாக்கச் சொல்லுங்க.