அண்டர்கிளேஸ் வண்ணம் விளிம்பில் மட்டும் உரிவது ஏன்?

கையால் செய்த கோப்பைகளில் மீனும் பனையோலையும் தீட்டுவதாகவும், சுட்டு எடுத்தபின் வாய் விளிம்பிலும் கைப்பிடியிலும் மட்டும் அண்டர்கிளேஸ் வண்ணம் (சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் கிளேஸ் என்ற மேற்பூச்சுக்கு அடியில் தீட்டும் வண்ணம்) பொருக்காக உரிவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் சுடாத பச்சை மண்ணில் தீட்டுவதா, ஒருமுறை சுட்டபின் தீட்டுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கீழக்கரைக்கு அருகே ஒரு சிறிய மின்சூளை வைத்திருக்கும் எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் இதே தொல்லை இருந்தது. உங்கள் தூரிகையையோ வண்ணத்தையோ குறை சொல்வதற்கு முன், மண் பிசையும் தண்ணீரை ஒரு கரண்டியில் எடுத்து வற்றக் காய்ச்சிப் பாருங்கள்.

கரண்டியில் வெள்ளையாக ஏதேனும் படிந்தால் காரணம் அதுதான். நம் கடலோரக் கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீரே ஊறுகிறது. அந்த நீரில் பிசைந்த மண் காயும்போது, உள்ளே கரைந்திருக்கும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து மேற்பரப்புக்கு வந்து அங்கேயே தங்கிவிடுகிறது. விளிம்பும் கைப்பிடியும் காற்றுக்கு அதிகம் வெளிப்பட்டு முதலில் காய்வதால், உப்பும் அங்கேதான் அதிகம் சேர்கிறது. அதன்மேல் தீட்டிய வண்ணம் மண்ணைப் பற்றாமல் உப்புத் தூளின்மேல் நிற்கிறது. பேரியம் கார்பனேட் சேர்த்து இந்த உப்பைக் கரையாமல் கட்டிவைக்கலாம் என்பார்கள். அது நஞ்சு என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து மண்ணைக் கரைப்பதும், செய்த பாத்திரத்தைத் துணி போர்த்தி மெதுவாக உலர விடுவதும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

மண்ணைக் கரைக்கும்போதே நுண்ணிய சல்லடையில் வடித்துவிடுங்கள். கடலோர மண்ணில் கிடக்கும் சிப்பித் துணுக்கு சூளையில் சுண்ணாம்பாக மாறி, பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, நன்றாக முடிந்த கோப்பையிலிருந்து ஒரு சில்லைப் பல நாள் கழித்துக்கூடத் தெறிக்க வைக்கும்.

இனி, எப்போது தீட்டுவது என்பதற்கு வருகிறேன். தொட்டால் குளிர்ந்திருந்து, விரல் பட்டால் நெளியாத பதத்தில் பச்சைப் பாத்திரத்தில் தீட்டுவதையே நான் விரும்புகிறேன். வண்ணமும் மண்ணும் சேர்ந்து சுருங்குவதால் பிடிப்பு நன்றாக இருக்கும், கூரிய கருவியால் வண்ணத்தைக் கீறிக் கோடு எடுக்கவும் முடியும். சுட்ட பாத்திரத்தில் தீட்டினால் தவறியதை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் சுட்ட மண் தூரிகையின் ஈரத்தை ஒரே இழுப்பில் குடித்துவிடுவதால் கோடு பாதியில் வறண்டு நிற்கும். தீட்டுமுன் ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றிக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றையும் முந்தையதற்குக் குறுக்காகப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் மேலே வரும் கிளேஸ் மண்ணில் ஊறாமல் விலகிச் சுருண்டு, ஓவியத்தின் நடுவே வெற்றிடம் விட்டுவிடும்.

பச்சையில் தீட்டியதை ஏறத்தாழ 1000 பாகை செல்சியஸில் சுட்டபின், தெளிவான கிளேஸில் ஒரே முறை முக்கி எடுங்கள். கிளேஸ் தடித்தால் கறுப்பின்மேலும் நீலத்தின்மேலும் பால் போன்ற மங்கல் படரும். நம் கண்மாய் மண் சிவந்து வேகும் என்பதால், வெள்ளைக் களிக் குழம்பை அடியில் பூசாமல் மஞ்சளும் இளஞ்சிவப்பும் தீட்டுவது வீண்வேலை. குரோமியமும் வெள்ளீயமும் சேர்ந்த இளஞ்சிவப்பு, துத்தநாகம் கலந்த கிளேஸின் அடியில் பழுப்பாகிவிடும் என்பதால், கிளேஸ் வாங்கும்போது அதில் துத்தநாகம் உண்டா என்று கேளுங்கள். உணவுக்கான பாத்திரம் என்றால் ஈயம் உண்டா என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

எந்த நிறத்தில் தொடங்குவது என்று தயங்கினால், கோபால்ட் நீலத்தைத் தேர்ந்தெடுங்கள்; அதிக வெப்பத்தையும் கிளேஸ் மாறுபாட்டையும் அதுபோல் தாங்கும் நிறம் குறைவு. கீழக்கரைக்கு அருகே உள்ள பெரியபட்டினத்தில் 1980களில் நடந்த அகழாய்வில் கிடைத்த சீனப் பீங்கான் ஓடுகளில் பசும்பீங்கானே மிகுதி என்றாலும், நீல வெள்ளை ஓடுகளும் சில இருந்தன. அந்த நீலமும் தெளிந்த கிளேஸுக்கு அடியில் தீட்டிய கோபால்ட்தான்.

உங்களிடம் இப்போது சுடாமல் காய்ந்திருக்கும் கோப்பைகளின் விளிம்பை மழைநீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் இரண்டு முறை துடைத்து, பஞ்சை ஒவ்வொரு முறையும் அலசி, அதன்பின் ஒன்றில் மட்டும் தீட்டிச் சுட்டுப் பாருங்கள்.