எடைப்பால மீட்டருக்காக அப்பாச்சி வெப் சர்வரில் சொந்த ப்ராக்ஸி மோடியூல் எழுத முடியுமா?

கேள்வி சுருக்கமாக: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலை. எடைப்பால மீட்டர், டிசிபி வழியாக லோரியின் எடையை வரி வரியாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதைக் கிராணி (அலுவலக எழுத்தர்) தன் பிரவுசரில் பார்க்க, மோட்_ப்ராக்ஸிக்கு, அதாவது கோரிக்கையை வேறு சர்வருக்குக் கடத்தும் அப்பாச்சி மோடியூலுக்கு, துணை மோடியூல் எழுதலாமா?

எழுதலாம். ஒரே ஒரு மீட்டர்தான் என்றால் கோரிக்கை வரும்போதெல்லாம் சர்வர் ஓட்டும் சின்ன சிஜிஐ ஸ்கிரிப்டே போதும் என்பேன். மூன்று நான்கு பாலங்கள் இருந்து, டைம்அவுட்டையும் இணைப்பு எண்ணிக்கையையும் அப்பாச்சியே பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் மோடியூல் சரி.

ப்ராக்ஸியை முதலிலிருந்து கட்ட வேண்டாம். 'ஸ்கீம் ஹேண்ட்லர்' ஹூக்கில், அதாவது முகவரியின் முன்பகுதியைப் (ஸ்கீம்) பார்த்து மோட்_ப்ராக்ஸி கூப்பிடும் இடத்தில், ஒரு ஃபங்ஷனைப் பதிவு செய்யுங்கள். முகவரி நீங்கள் வைக்கும் 'வெயிட்://' ஸ்கீமில் தொடங்காவிட்டால் உடனே 'டிக்ளைன்ட்' (இது என் வேலையில்லை) திருப்ப வேண்டும். இந்த ஒப்பீட்டில் தவறி உங்கள் முகவரியையே ஒதுக்கிவிட்டால் பிரவுசரில் 500 (சர்வர் பிழை) வரும். லாகில் ஏஎச்01144 (இந்த ஸ்கீமைக் கையாள யாருமில்லை) என்று இருக்கும். பழக்கமில்லாத ஸ்கீமுக்கு இயல்பான போர்ட் கிடையாது, அதனால் கோரிக்கை எங்கே போக வேண்டும் என்று சொல்லும் 'ப்ராக்ஸிபாஸ்' வரியிலேயே போர்ட் எண்ணைப் போட்டுவிடுங்கள்.

ஹேண்ட்லருக்குள் வரிசை இது: அக்வயர் கனெக்ஷன், டிட்டர்மின் கனெக்ஷன், கனெக்ட் பேக்எண்ட் (பேக்எண்ட் இங்கே மீட்டர்), மீட்டர் அனுப்புவதைப் படிப்பது, கடைசியில் ரிலீஸ் கனெக்ஷன். பிழை வந்து பாதியில் வெளியேறும் வழிகளிலும் ரிலீஸ் இருக்கிறதா பாருங்கள். ஒன்று விட்டுப்போனாலும், 'மேக்ஸ்=1' (அதிகபட்சம் ஒரே இணைப்பு) வைத்த வொர்க்கருக்கு, அதாவது அந்த 'ப்ராக்ஸிபாஸ்' இலக்குக்கு, அடுத்த கோரிக்கை வரும்போது கொடுக்க இணைப்பு மிஞ்சாது.

உண்மையான வில்லங்கம் படிப்பதில்தான். டிசிபிக்கு வரி என்றால் என்னவென்று தெரியாது. மீட்டர் '012340' என்று அனுப்பினால், ஒரு ரிசீவ் அழைப்பில் '0123' மட்டும் வரலாம். அப்படியே காட்டினால் 12,340 கிலோ லோரி திரையில் 123 கிலோ! வரி முடிவுக் குறி வரும்வரை சுற்றிச் சுற்றிப் படியுங்கள். இணைந்தவுடன் வரும் முதல் துண்டு நடுவில் அறுந்ததாக இருக்கலாம், அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவது வரியை எடுங்கள்.

இதைவிட மோசமானது இணைப்பை மறுபடி பயன்படுத்துவது. மீட்டர் ஓயாமல் தள்ளுவதால் படிக்காத பழைய வரிகள் சாக்கெட் பஃபரில் (இணைப்பின் தற்காலிக நினைவகத்தில்) குவிந்து கிடக்கும். இப்போது ஏறிய லோரிக்கு முந்தைய லோரியின் எடை வரும். பேக்எண்டின் 'க்ளோஸ்' மதிப்பை ஒவ்வொரு முறையும் 1 ஆக்கி, இணைப்பை மூடவிடுங்கள். பிரவுசர் பழைய எடையைச் சேமித்துக் காட்டாமலிருக்க, பதிலில் 'நோ-ஸ்டோர்' தலைப்பும் போடுங்கள்.

மீட்டரின் சீரியல் வயரை நெட்வொர்க்கில் இணைக்கும் சீரியல்-ஈதர்நெட் கன்வர்ட்டர்கள் பல ஒரு நேரத்தில் ஒரே இணைப்பைத்தான் ஏற்கும். 'மேக்ஸ்=1' என்பது அப்பாச்சி கிளப்பும் ஒவ்வொரு சைல்ட் பிராசஸுக்கும் தனித்தனி, ஆகவே பிராசஸ் ஒன்றுக்கு மேல் போகாதபடி 'சர்வர்லிமிட் 1' கூட வேண்டும். 'அக்வயர்=2000' (மில்லிவிநாடி) வைத்தால், இணைப்புக்குக் காத்திருப்பவருக்கு 2 விநாடியில் 503 (இப்போது சேவை இல்லை) போகும். 'டைம்அவுட்=3' வையுங்கள். விட்டால் இயல்பு 60 விநாடி. மீட்டர் மௌனமானால் கிராணியின் திரையும் அதுவரை உறைந்து நிற்கும்.

கம்பைல் செய்ய அப்பாச்சியோடு வரும் ஏபிஎக்ஸ்எஸ் கருவி. லோட்மோடியூல் வரிசையில் மோட்_ப்ராக்ஸிக்குப் பிறகே உங்களுடையது வர வேண்டும், மாறினால் 'அன்டிஃபைன்ட் சிம்பல்' என்று சொல்லி அப்பாச்சி கிளம்பாது.

சோதிக்க லோரி தேவையில்லை. டிசிபியில் எழுத்துகளை அனுப்பும் நெட்கேட் கருவியை மீட்டருக்குப் பதிலாக வைத்து, '00', புதுவரி, '0123' அனுப்பி, 2 விநாடி விட்டு '40', புதுவரி அனுப்புங்கள். பிரவுசரில் 12340 வர வேண்டும்.