‘ங்’ மேல் வைத்த புள்ளி

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு சிறிய விளம்பர நிறுவனத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எல்லாம் உள்ளூர் வாடிக்கையாளர்கள்தான். முதல் வருடம் ஐடியா தானாக வந்தது. இப்போது வருவதில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் பின்டரெஸ்ட், பிஹான்ஸ் மாதிரி டிசைன் தளங்கள், கான் விருது வாங்கிய விளம்பரங்கள் எல்லாம் பார்க்கிறேன். பிடித்ததைச் சேமித்தும் வைக்கிறேன். நாலாயிரம் படத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் கோபுரம், காளை, மல்லிகைப்பூ தவிர எதுவும் வரவில்லை. போன வாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரர், “எதிர்க்கடைக்கும் இதையேதான போட்டுருக்கீங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஏஐ ஒரு நிமிடத்தில் இருபது ஐடியா தருகிறது, அதிலும் மனது ஒட்டவில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் கண் திறக்குமா? சினிமா, ஓவியம், கட்டடம், இசை என்று எதையெல்லாம், எந்த வரிசையில் பார்க்க வேண்டும்? ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் எப்படிப் பயன்படுத்துவது? ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும். பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், மதுரை

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம் வீட்டுப் பரணை ஒழித்துக்கொண்டிருந்தோம். மாமா எழுதிய தகர போர்டு ஒன்று அடியில் கிடந்தது. அதைத் துடைத்து வராந்தாவில் சாய்த்து வைத்துவிட்டு, நாலைந்து நாளாக அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் நீங்கள் இதைக் கேட்டீர்கள்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சம்பளத்துக்காகச் சென்னை போவதென்றால் தாராளமாகப் போங்கள். கண் திறக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஏஐ பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, அதில் மனது ஒட்டவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பட்டியல் தரமாட்டேன்.

நாலாயிரம் படத்துக்கு வருகிறேன். அதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதில் எந்த ஒன்றையாவது கால் மணி நேரம் பார்த்திருக்கிறீர்களா? அந்தச் சிவப்பு ஏன் அந்த மூலையில் இருக்கிறது, அந்த எழுத்து ஏன் அவ்வளவு பெரிது, அந்த ஊரில் அதைப் பார்த்தவர் பஸ்ஸில் போனாரா, நடந்து போனாரா என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறீர்களா? விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? நீங்கள் சேர்த்து வைத்திருப்பது அத்தனையும் விடைகள். கணக்கு வேறு யாரிடமோ இருக்கிறது. விடையை மட்டும் காப்பி அடித்தால் வாத்தியார் கண்டுபிடித்துவிடுவார். அந்த ஜவுளிக்கடைக்காரரும் அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறார். அவர்மேல் வருத்தப்படாதீர்கள், நல்ல கண் உள்ளவர்.

மல்லிகைப்பூவையும் நீங்கள் இதுவரை பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதை ஓர் ஓரத்தில் அலங்காரமாக ஒட்டியிருக்கமாட்டீர்கள். விடியற்காலையில் பறித்த மொட்டு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ கணக்கில் எடை போடப்படுகிறது. அதே பூ சாயங்காலம் கோயில் வாசலில் முழம் போட்டு விற்கிறது. எடையில் ஆரம்பித்து ஓர் அம்மாவின் முழங்கையளவில் முடிகிற சரக்கு. மறுநாள் காலையில் அதற்கு விலையே கிடையாது. சீக்கிரம் கெட்டுப்போகிற பொருளை விற்கும் வாடிக்கையாளர் யாராவது உங்களிடம் வந்தால், அந்தப் பூக்காரம்மா பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். எந்த நேரத்தில் விலையை இறக்குகிறார், யாருக்கு நாலு விரல் கூடப் போடுகிறார் என்று பாருங்கள்.

சரி, மாமா. அம்மாவின் தம்பி. கீழமாசி வீதியை ஒட்டிய சந்தில் போர்டு எழுதும் கடை வைத்திருந்தார். தகரத்துக்கு ரெட் ஆக்சைடு அடித்துக் காயவைப்பது, சாக்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவது, அதற்கு ‘நூல் அடிக்கிறது’ என்று பேர், இதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை. எனாமலும் டர்பன்டைனும் கலந்த வாசனை இப்போதும் எங்காவது வந்தால் நின்றுவிடுவேன்.

1984-இல் ஒரு சுங்குடிச் சேலைக் கடைக்காரர் போர்டு கேட்டு வந்தார். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு மாமா இரண்டு வாரம் பிரஷ்ஷையே தொடவில்லை. கடைக்காரர் ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். மாமா என்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு திருமலை நாயக்கர் மகால் பக்கம் பந்தடித் தெருக்களுக்குப் போவார். சௌராஷ்டிரர்கள் நெசவும் சாயமுமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற இடம். திண்ணைகளில் பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார்கள். வெள்ளைப் பருத்தித் துணியை நகத்தால் கிள்ளி, அந்தக் கிள்ளலை நூலால் சுற்றி இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல் தன் பாட்டுக்கு ஓடும். சாயத்தில் முக்கிக் காயவைத்த பிறகு இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பார்கள். முடிச்சுகள் பட்பட்டென்று தெறிக்கும். துணி முழுக்கப் புள்ளி மலரும்.

மாமா ஒரே ஒரு புள்ளியை ரொம்ப நேரம் பார்த்தார். “டேய், இது வெறும் வட்டம் இல்லடா. நல்லாப் பாரு” என்றார். வெள்ளையாக ஒரு வளையம், நடுவில் ஒரு துளி சாயம். நூல் சுற்றிய இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளை நிற்கிறது. நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துணியின் நுனி மட்டும் சாயத்தைக் குடித்துவிடுகிறது. ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. அச்சடித்த சேலையில் இது இப்படி வராது.

அன்று ராத்திரியே எழுதினார். அரக்குச் சிவப்பில் தளம், வெள்ளையில் ‘சுங்குடி’ என்று பெரிய எழுத்து. பூவும் இல்லை, சேலை கட்டிய பெண்ணும் இல்லை. ‘ங்’ மேல் வழக்கமாக வைக்கிற புள்ளிக்குப் பதிலாக ஒரு வெள்ளை வளையம், கொஞ்சம் கோணலாக, நடுவில் தளத்தின் சிவப்பு ஒரு துளி. கடைக்காரர் பார்த்துவிட்டு, “புள்ளி சரியா விழலையே” என்றார். கூட வந்திருந்த அவருடைய அம்மா கிட்டே போய் அதை விரலால் தொட்டார். “முடிச்சுடா” என்றார். அதற்கு மேல் பேச்சே இல்லை.

பல வருடம் கழித்துக் கடையில் ஃபிளெக்ஸ் மாட்டினார்கள். கழற்றிப் போட்ட போர்டை மாமா கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதுதான் இப்போது என் வராந்தாவில் இருக்கிறது.

இதைப் படித்ததும் உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். சுங்குடிப் புள்ளியை ஒரு டிசைனாக எடுத்து, காபிக்கடைக்கும் பல் ஆஸ்பத்திரிக்கும் பின்னால் நிரப்புவீர்கள். செய்யாதீர்கள், தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். 2005-இல் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனால் அந்தப் புள்ளி ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். மாமா புள்ளியைத் திருடவில்லை. அது எதனால் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டு, தமிழ் எழுத்தில் அதற்கு ஏற்கெனவே ஒரு இடம் காத்திருப்பதைக் கண்டுபிடித்தார். இரண்டு வாரம் அதற்குத்தான் ஆனது. நகைக்கடைக்கு எழுதியிருந்தால் வேறு எங்காவது போய் வேறு எதையாவது பார்த்திருப்பார். உருவத்தை மட்டும் எடுத்தால் அது ஒரு தடவைதான் உதவும், அதையே எதிர்க்கடைக்காரரும் எடுப்பார். ஒன்று எதனால் அப்படி ஆனது என்பதைப் பார்த்துப் பழகிவிட்டால், எந்தத் தொழிலைப் பார்த்தாலும் உங்களுக்கு ஏதாவது கிடைக்கும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலிக்காதீர்கள். எனக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தார். உங்களுக்கு யாரும் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.

ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோவில்பட்டி கொண்டையராஜுவின் படங்களை உங்கள் தாத்தா வீட்டுச் சுவரில் பார்த்திருப்பீர்கள், வரைந்தவர் பெயர் தெரிந்திருக்காது. நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதியவர். கோவில்பட்டியில் தங்கிய பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. மீனாட்சி கல்யாணமும் அதில் உண்டு. நம் மீனாட்சி கோயில் கம்பத்தடி மண்டபத்துத் தூணில் பெருமாள் தங்கையைத் தாரை வார்க்கிற சிலை இருக்கிறதே, அதே காட்சி. நாடகத் திரையைக் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவரும் பார்த்தாக வேண்டும். அதற்காகப் பழகிய கைதான் காலண்டரிலும் அவ்வளவு பெரிய கண்ணையும் அவ்வளவு தெளிவான ஓரத்தையும் கொடுத்தது என்று எனக்குத் தோன்றும். கூடத்தின் எந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அம்மன் நம்மைப் பார்க்கிறாள்.

அப்புறம், சித்திரைத் திருவிழா. மலையிலிருந்து வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு மாமா என்னைத் தல்லாகுளத்துக்குத் தோளில் தூக்கிப் போவார். சர்க்கரை நிரப்பிய செம்பில் சூடம் ஏற்றிக்கொண்டு சனம் நிற்கும். நான் அழகரைப் பார்ப்பேன். மாமா கும்பிட்டு முடித்ததும் திரும்பி நின்று சனத்தைப் பார்ப்பார். மறுநாள் வைகையில் இறங்கும்போது அழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வருவார் என்பதுதான் அன்று ராத்திரி ஊர் முழுக்கப் பேச்சு. பச்சை என்றால் அந்த வருடம் நாடு செழிக்கும். பெட்டிக்குள் கையை விட்டுப் பட்டர் எடுக்கும்போது கையில் வருகிற பட்டுதான் என்று சொல்வார்கள். லட்சக்கணக்கான பேர் ராத்திரி முழுக்க மணலில் விழித்திருந்து ஒரு நிறத்துக்காகக் காத்திருப்பதை மாமா பார்த்துக்கொண்டே இருப்பார். கண் கலங்கியிருக்கும். அதிலிருந்து அவர் எந்த போர்டும் எழுதவில்லை. நீங்களும் அதை வைத்து ஆடித் தள்ளுபடிக்கு ஒன்றும் செய்துவிடாதீர்கள். சும்மா நின்று பாருங்கள்.

அந்த அழகர் இறங்கி வருகிற மலையிலேயே, கிடாரிப்பட்டிப் பக்கம், ஒரு குகைத்தளம் இருக்கிறது. சமணத் துறவிகளுக்காகப் பாறையில் படுக்கை வெட்டியிருக்கிறார்கள். மேலே, தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில், கொடுத்தவர்களின் பெயர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. உப்பு வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று தொழிலோடு சேர்த்துப் பெயர். சிலருக்கு ஊரும் உண்டு. பாணிதம் என்றால் வெல்லப்பாகு, கொழு என்றால் ஏர்முனை, அறுவை என்றால் துணி. நான் தெய்வம், நான் முதல்வன் என்று ஒருவரும் எழுதவில்லை. “யாரு, என்ன விக்கிறாரு, எங்க இருக்காரு. மொதல்ல இத எழுது. அப்பறம் எடம் இருந்தா மத்தது” என்று மாமா சொல்வார். அவர் அந்தக் குகைக்குப் போனதே இல்லை. நான்தான் அவர் போன பிறகு போய்ப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள். கேமராவை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும், அந்தத் துணி வியாபாரியின் எழுத்துகளை உங்கள் கையால் ஒரு தடவை எழுதிப் பாருங்கள். தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே ஏறிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் அந்தப் பாறையில் கால் வைக்க முடியாது.