எஞ்சின் நம்பர் எழுதும் பையன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஞாயிறானால் பிளாட்பார்ம் டிக்கெட் எடுத்துக்கொண்டு கோவை ஜங்ஷனில் போய் உட்கார்ந்துகொள்கிறான். வருகிற, போகிற எஞ்சின் நம்பரையெல்லாம் நோட்டில் எழுதுகிறான். கூட நாலைந்து பையன்கள். படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. படம் வேறு எடுக்கிறான், போலீஸ் பிடிக்காதா? இந்த வெட்டி வேலையை எப்படி நிறுத்துவது?

ஒரு தகப்பன், சிங்காநல்லூர்

அன்புள்ள நண்பருக்கு,

படம் எடுப்பது பற்றி ஸ்டேஷன் மாஸ்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். படிப்பெல்லாம் கெடாது. ஆனால் நம்பர் எழுதுவதை வெட்டி வேலை என்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. கொஞ்ச நாளாக எனக்கும் இதே யோசனைதான்.

என் மாமா ஈரோட்டில், டீசல் எஞ்சின்களைப் பராமரிக்கும் ஷெட்டில் ஃபிட்டராக இருந்தார். வீடு கொல்லம்பாளையத்தில். ராத்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே, வண்டி கிளம்பும் சத்தத்தை வைத்து எந்த வகை எஞ்சின் என்று சொல்லிவிடுவார். ஜவுளிக்கடை டைரி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கறுப்பாக அவர் கட்டைவிரல் ரேகை. உள்ளே எஞ்சின் நம்பர், என்ன கோளாறு, எந்தப் பாகம் மாற்றினோம் என்று பென்சிலில் நுணுக்கி எழுதியிருப்பார். அவர் காலமான பிறகு வீட்டில் அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அந்த டைரியில் இருந்தது வேறு எங்கும் கிடையாது. உங்கள் வீட்டிலும் அது நடக்க வேண்டாம்.

சரி, அந்தப் பையன்களிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. ஏன் எப்போதும் ஜங்ஷனிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்? கோவைக்குப் பக்கத்திலேயே இருக்கும் போத்தனூருக்குப் போகச் சொல்லுங்கள். 1862இல் சென்னையிலிருந்து கேரளக் கடற்கரையில் உள்ள பேப்பூர் வரை பாதை முழுதானபோது அது கோவை ஊருக்குள் வரவேயில்லை, போத்தனூர் வழியாகப் போனது. 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ரயில் வந்தது. உங்கள் சிங்காநல்லூர் வழியாக வரும் பாதை அதற்கும் ரொம்பப் பின்னால் வந்தது. இன்றும் கேரளா போகும் சில வண்டிகள் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விடுகின்றன. 1915இல் வந்த பொள்ளாச்சி மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதையும் அங்கிருந்துதான் கிளம்பியது. 2017இல் அது அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. அதற்கு முன் அந்தப் பாதையில் ஓடிய பழைய எஞ்சின்களின் நம்பரை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

போத்தனூரை இவ்வளவு சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1921 நவம்பரில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 பேரைத் திரூரில் ஒரு மூடிய வேகனில் அடைத்துப் பெல்லாரிச் சிறைக்கு அனுப்பினார்கள். காற்று வரவேண்டிய கம்பிவலை பெயின்ட்டும் தூசியும் படிந்து அடைத்துக் கிடந்தது. போத்தனூரில் கதவைத் திறந்தபோது ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். செத்தவர்கள் 60 பேருக்கு மேல். அந்த வேகனின் நம்பர் 1711. நூறு வருஷம் கழித்தும் அது நமக்குத் தெரிகிறது. நம்பர் இருந்தால்தான் எந்த வண்டி, யார் அனுப்பியது, வழியில் ஏன் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்க முடியும். இல்லாவிட்டால் 'ஏதோ ஒரு வண்டி, ஏதோ ஒரு விபத்து' என்று கதையை முடித்துவிடுவார்கள். நம்பர் எழுதுவதை வேலையில்லாதவன் செய்கிற காரியம் என்று இனிமேல் பையன் முன்னால் சொல்லாதீர்கள்.

அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நம்பர் மட்டும் போதாது. நம்பர் 22இல் தொடங்கினால் பெரும்பாலும் டபிள்யூஏபி-4 என்ற மின்சார எஞ்சின் என்று அவனுக்கே தெரிந்திருக்கும். எந்த ஷெட், ஈரோடா அரக்கோணமா ராயபுரமா, எந்த வண்டியை இழுத்து வந்தது, எத்தனை நிமிஷம் லேட், அன்று மழையா வெயிலா, எல்லாம் இருக்க வேண்டும். பேனாவில் எழுதட்டும். தாளைக் கிழிக்கவே கூடாது.

அப்புறம், வீடியோவுக்காகத் தண்டவாளத்தில் இறங்கி நிற்கிறவன் எவனாவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவனோடு உங்கள் பையன் சேரவே கூடாது. அந்த விஷயத்தில் மட்டும் நீங்கள் எவ்வளவு கண்டிப்பாக இருந்தாலும் நான் உங்கள் பக்கம்.