பெருந்தொற்றுக்குப் பிறகு பள்ளி இயல்புக்குத் திரும்பும்போது பெற்றோருக்கு எதை, எப்போது, எப்படித் தெரிவிக்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: பள்ளி முழுநேரம் நடக்கத் தொடங்கிவிட்டது, அறிவிப்புகளும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, ஆனாலும் வீட்டுக்கு வீடு ஒவ்வொரு விதி நடப்பில் இருக்கிறது, எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். தொற்றுக் காலத்தில் விதிகளைப் போட்ட வேகத்தில் பள்ளிகள் அவற்றை எடுக்கவில்லை. முகக்கவசம், வாசலில் வெப்பமானி, சுழற்சி வகுப்பு, இணையவழி வகுப்பு என்று சுற்றறிக்கைகள் அடுக்கடுக்காக வந்தன. தளர்த்தியபோது பல இடங்களில் சத்தமில்லாமல் கைவிட்டுவிட்டார்கள். பெற்றோரின் கைப்பேசியில் பழைய சுற்றறிக்கை அப்படியே உயிரோடு இருக்கிறது. தனிமைப்படுத்தலையே எடுத்துக்கொள்ளுங்கள்: கொரோனாவின் தொடக்கத்தில் 14 நாள், பிறகு பல நாடுகளில் 10, 7, 5 என்று குறைந்தது. பலர் மனதில் தங்கியது முதலில் கேட்ட 14தான். புதிய எண்ணை மட்டும் சொன்னால் அந்த 14 போகாது. "முன்பு 14 நாள் என்று சொல்லியிருந்தோம், அது இனி இல்லை" என்ற வரியும் சேர்ந்தே போக வேண்டும்.

எனவே முதல் வேலை, தொற்றுக் காலத்தில் அனுப்பிய எல்லாச் சுற்றறிக்கைகளையும் ஒரே மேசையில் பரப்பி, ஒவ்வொரு விதிக்கும் எதிரே "தொடர்கிறது", "ரத்து", "மாற்றம்" என மூன்றில் ஒன்றை எழுதுவது. ஒரு பிற்பகல் போதும். அந்தப் பட்டியலை அப்படியே பெற்றோருக்கு அனுப்பலாம்; இந்தக் காலகட்டத்தில் பள்ளி அனுப்பக்கூடிய மிகப் பயனுள்ள தாள் அதுதான். அதன்பின் போகும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் வரிசை எண், தேதி, "இது 7-ம் எண் அறிவிப்புக்குப் பதிலானது" என்ற குறிப்பு மூன்றும் இருக்கட்டும். படமாக அனுப்பினால் எண்ணும் தேதியும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் தனியாக ஃபார்வர்ட் ஆகும். கீழே தட்டச்சு செய்த குறிப்பு கூடவே போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முடிந்தவரை உரையாகவே அனுப்புங்கள். பார்வைக் குறைபாடுள்ளவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் செயலி) படத்தில் உள்ள எழுத்தைப் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்காது. வேறு மொழி பேசும் குடும்பத்தாரால் அதை மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டிப் பார்க்கவும் முடியாது.

"நாளை", "அடுத்த வாரம்" என்ற சொற்களை அறிவிப்பில் அறவே தவிர்க்க வேண்டும். "நாளை விடுமுறை" என்ற செய்தி மூன்று நாள் கழித்து உறவினர் குழு வழியாகத் திரும்பி வந்து, மறுநாள் பாதி வகுப்பைக் காலியாக்கிவிடும். கிழமையும் தேதியும் மட்டுமே எழுதுங்கள்.

தொடர்பு எண் பட்டியலைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. 2020-ல் அவசரத்தில் திரட்டிய எண்களில் கணிசமானவை இன்று உயிரோடு இருக்காது. எண் மாறியிருக்கும், குடும்பம் இடம் மாறியிருக்கும், இணையவழி வகுப்புக்காக இரவல் வாங்கிய கைப்பேசியின் எண்ணாக இருக்கும். எல்லா எண்களுக்கும் ஒரு சோதனைக் குறுஞ்செய்தி அனுப்பி, "கிடைத்தால் 1 என்று பதில் அனுப்புங்கள்" எனக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பதில் வராதவர்களின் பட்டியலை வகுப்புவாரியாகப் பிரித்து, வகுப்பாசிரியர் மூலமோ பிள்ளையின் கையில் ஒரு சீட்டு கொடுத்தோ சரிபாருங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு எண் இருக்க வேண்டும், இரண்டும் வெவ்வேறு ஆட்களுடையதாக. கூடவே மூன்று விவரங்கள்: எந்த மொழியில் படிப்பார்கள், படிக்கத் தெரியாதவர் என்றால் குரல் அழைப்பு வேண்டுமா, ஸ்மார்ட்போன் இருக்கிறதா. தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டில் ஒரு நிமிடக் குரல்பதிவால் ஆகும் வேலை நான்கு பக்கப் பிடிஎஃப்பால் ஆகாது.

இதில் ஒரு கவனம் தேவை. தொற்றில் அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம். பொறுப்பாளர் மாறியிருப்பது அலுவலகப் பதிவேட்டில் ஏறாமல் இருந்தால், இறந்தவரின் பெயருக்கே செய்தி போகும். பட்டியலைச் சரிபார்க்கும்போது இதையும் பாருங்கள். பொதுச் செய்தியைக் "குடும்பத்தினருக்கு" என்று தொடங்கினால் யாருக்கும் உறுத்தாது.

எந்த வழியில் அனுப்புவது? வழிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலைதான் இருக்க வேண்டும். அன்றைக்கே தெரிய வேண்டியது குறுஞ்செய்தியிலோ அழைப்பிலோ போகட்டும். வழக்கமான தகவல் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரே நேரத்தில், கடிதமாக. நடப்பிலுள்ள விதிகள் முழுவதும் பள்ளியின் இணையப் பக்கம் ஒன்றிலும் வாசல் பலகையிலும், மேலே "கடைசியாகத் திருத்திய தேதி"யோடு. குழுவில் ஒன்று, பலகையில் இன்னொன்று என்று முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கருவிகளின் அளவுகள் தெரியாமல் திட்டமிட்டால் சிக்கல்தான். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான். அதைவிட முக்கியம், பள்ளியின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். "அனுப்பினோம், வரவில்லை என்கிறார்கள்" என்ற தகராறில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. குழு என்றால் 1024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டாவிட்டால் அறிவிப்பு நன்றிகளுக்கும் வணக்கங்களுக்கும் அடியில் புதைந்துவிடும். குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் என்றால், தமிழ் யூனிகோடில் (பல மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) போவதால் 70 இடம்தான். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67 இடமாக உடைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம் ஆகும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனி இடம் பிடிக்கும்: "கு" இரண்டு இடம், "க்" இரண்டு இடம். "12-ம் தேதி புதன் 6-ம் வகுப்புக்கு விடுமுறை. 13 வியாழன் பள்ளி உண்டு." என்பது சரியாக 67 இடம், ஒரே செய்தியில் அடங்கிவிடும். "அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்" என்று தொடங்கினால் அதுவே பாதி இடத்தை விழுங்கிவிடும். மரியாதையை வாராந்தரக் கடிதத்தில் காட்டிக்கொள்ளலாம்.

அந்த வாராந்தரக் கடிதத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏழு விஷயங்கள் வேண்டும்: என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, எந்த வகுப்புகளுக்கு, நீங்கள் செய்ய வேண்டியது என்ன, எது மாறவில்லை, யாரைக் கேட்பது, அடுத்த தகவல் எப்போது. இவற்றில் அதிகம் விட்டுப்போவது "எது மாறவில்லை". முகக்கவசம் கட்டாயமில்லை என்று மட்டும் எழுதினால், காய்ச்சலோடு வரக்கூடாது என்ற விதியும் போய்விட்டதாகச் சிலர் எடுத்துக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக அறிவித்தபோது, நோய் போய்விடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. பள்ளியின் அறிவிப்பும் இப்படி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும்.

விதியை எடுக்கும் அறிவிப்பு, விதியைப் போடும் அறிவிப்பைவிடக் கடினமானது. போடும்போது எல்லாரும் பயத்தில் இருந்தார்கள், கேட்டார்கள். எடுக்கும்போது ஒரு சாரார் "இவ்வளவு சீக்கிரமா?" என்பார்கள், இன்னொரு சாரார் "இவ்வளவு நாள் ஏன்?" என்பார்கள். இரு சாராருக்கும் ஒரே பதில்தான் உதவும்: இந்த விதி எதற்காக வந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது, என்ன நடந்தால் திரும்ப வரும். மேலிடத்து உத்தரவுதான் காரணம் என்றால் அதையே எழுதுங்கள். மருத்துவக் காரணம்போல ஜோடிக்க வேண்டாம். பெற்றோரில் ஒரு மருத்துவர் இருந்தாலே சாயம் வெளுத்துவிடும். விருப்பப்பட்டு முகக்கவசம் அணியும் பிள்ளையை யாரும் கழற்றச் சொல்ல மாட்டோம், கேலி செய்ய விடமாட்டோம் என்பதை எழுத்தில் போடுங்கள். வீட்டில் நோய் எதிர்ப்புக் குறைந்தவர் இருக்கும் குடும்பம் அந்த வரியைத்தான் தேடும்.

எல்லாத் தளர்வுகளையும் ஒரே நாளில் முடிக்காதீர்கள். இணையவழி வகுப்பை நிறுத்துவதென்றால் மூன்று வாரம் முன்னதாகவாவது சொல்ல வேண்டும்; பெற்றோர் தம் வேலை நேரத்தையும் பிள்ளையின் போக்குவரத்தையும் அதை வைத்தே அமைத்திருப்பார்கள். வருகைப்பதிவுத் தளர்வை மாத நடுவில் எடுத்தால் கணக்கிலும் குழப்பம், வாக்குவாதத்திலும் குழப்பம். பருவத் தொடக்கம் வரை பொறுப்பது நல்லது.

உடல்நலம் பற்றிய விதியை ஒரே அளவுகோலாகச் சுருக்குங்கள். 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தால் வீட்டில் இருக்கட்டும். காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் வரலாம். பரவலாகப் பயன்படும் அளவுகோல் இது. உங்கள் பகுதிச் சுகாதாரத் துறை வேறு சொன்னால் அதுவே செல்லும். "மாத்திரை இல்லாமலே" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. பாராசிட்டமால் சில மணி நேரம் காய்ச்சலை அடக்கிவைக்கும். முற்பகலுக்குள் பிள்ளை மறுபடி கொதிக்கும். காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பும் பெற்றோரை அலட்சியக்காரர் என்று திட்டிப் பயனில்லை. விடுப்பு கிடைக்காது, பாடம் போய்விடும் என்ற பயம்தான் பெரும்பாலும் காரணம். விடுபட்ட பாடத்தை யார், எப்போது ஈடு செய்வார் என்பதை அதே செய்தியில் சொன்னால் அந்த வழக்கம் குறையும்.

ஒரு பிள்ளைக்குத் தொற்றுநோய் உறுதியானால் வரிசை முக்கியம்: முதலில் அந்தக் குடும்பத்துக்கு அழைப்பு, அடுத்து ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும், பிறகு அந்த வகுப்புக் குடும்பங்களுக்கு, எல்லாம் அன்றைக்கே. பெயர் கூடாது, அடையாளம் காட்டும் விவரமும் கூடாது. "திங்கள் முதல் வராத மாணவருக்கு" என்று எழுதினால் வகுப்பு முழுவதும் யாரென்று தெரிந்துகொள்ளும். இயல்புநிலையில் ஒவ்வொரு தனி நேர்வையும் அறிவிக்கத் தேவை இருக்காது. ஆனால் "இனி தனித்தனியாக அறிவிக்க மாட்டோம், ஒரே வகுப்பில் பலருக்கு வந்தால் மட்டும் அறிவிப்போம்" என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் நிறுத்தினால் மறைக்கிறார்கள் என்றுதான் பேச்சு எழும். இதே வடிவத்தைத் தட்டம்மைக்கும் அம்மைக்கட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொற்றுக் காலத்தில் வழக்கமான தடுப்பூசிகள் பரவலாக விட்டுப்போயின; யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 2.5 கோடிக் குழந்தைகள், தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான் மூன்றுக்குமான தடுப்பூசியில் ஒரு தவணையாவது தவறவிட்டார்கள். தடுப்பூசி அட்டையைச் சரிபார்க்கச் சொல்லும் செய்தி சேர்க்கைக் காலத்தோடு போவது பொருத்தம்.

படிப்பில் ஏற்பட்ட பின்னடைவைப் பொதுக்குழுவில் பேசாதீர்கள். "பல மாணவர்களுக்கு வாசிப்பு வரவில்லை" என்ற வரியை எல்லாப் பெற்றோரும் தன் பிள்ளையைச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள், அல்லது யாருமே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அது தனி அழைப்புக்கான விஷயம்: இப்போது எதைச் செய்ய முடிகிறது, எது இன்னும் வரவில்லை, பள்ளி என்ன செய்கிறது, வீட்டில் செய்யக்கூடிய ஒன்றே ஒன்று என்ன. திரும்பி வராத பிள்ளைகளுக்கும் கடிதம் வேலை செய்யாது. தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியர் அழைக்கட்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்குவதைவிட "வருவதற்கு என்ன தடையாக இருக்கிறது?" என்று கேட்டால் கட்டணப் பாக்கி, வேலைக்குப் போவது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற உண்மையான காரணம் வெளியே வரும்.

அறிவிப்பு பெற்றோருக்குப் போகும் முன் வாசல் காவலர், வாகன ஓட்டுநர், அலுவலக எழுத்தர் மூவருக்கும் போயிருக்க வேண்டும். பெற்றோர் முதலில் கேட்பது அவர்களைத்தான். "எனக்குத் தெரியாதே" என்ற ஒரு பதில் நீங்கள் எழுதிய முழுப் பக்கத்தையும் கவிழ்த்துவிடும். கேள்விகளுக்கு ஓர் எண், குறிப்பிட்ட நேரம், ஒரு வேலைநாளுக்குள் பதில் என்று அறிவியுங்கள். இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கும் வகுப்பாசிரியரின் சொந்த எண்தான் ஒலிக்கும். வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரே கேள்வி பல வீடுகளிலிருந்து வந்தால் அறிவிப்பை மாற்றி எழுத வேண்டும் என்று பொருள். வதந்தி வந்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டு மேலே "பொய்" என்று எழுதாதீர்கள். அந்தப் படம்தான் மறுபடி சுற்றும். சரியான தகவலை முதல் வரியில் சொல்லிவிட்டு, வதந்தியை மேற்கோள் காட்டாமல் மறுத்தால் போதும்.

நிலைமை அடங்க அடங்க வாராந்தரக் கடிதத்தை இரு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று குறைக்கலாம். குறைக்கப்போவதைக் கடிதத்திலேயே சொல்லிவிட்டுக் குறையுங்கள். கடைசியாக மிஞ்சுவது தொற்றுக் காலத்தில் திரட்டிய உடல்நலப் பதிவுகள்: வெப்பநிலைக் குறிப்பேடு, பரிசோதனை முடிவுகள், தடுப்பூசிச் சான்று நகல்கள், வீட்டில் யாருக்கு நோய் என்ற படிவங்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றைத் தவிர மற்றதை அழித்துவிட்டு, எதை, எந்தத் தேதியில் அழித்தோம் என்று குடும்பங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர்களின் சொந்தக் கைப்பேசியில் கிடக்கும் சான்றுப் படங்களும் இதில் அடக்கம்.